கோலோன் முகம்: கோயாவின் கல்லச்சு உருவப்படம் அரைகுறை வேலையா?

கோட்டோவியன் | ஜூன் 3

ஒரு சண்டையைத் தொடங்கி வைக்கிறேன். 1820களின் கல்லச்சு (லித்தோகிராஃப்) உருவப்படம் என்று பேச்செடுத்தாலே ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த சிப்ரியன் கோலோன் படத்தைத் தூக்கி உச்சியில் வைக்கிறார்கள். எனக்கு அது பாதியில் விட்ட வேலையாகத்தான் தெரிகிறது. கோட்டு ஒரு கரிய மொத்தை. எங்கு பார்த்தாலும் கீறல். பக்கத்திலேயே பாரிஸ் ஓவியர் அஷில் தெவேரியா 1829இல் வரைந்த எழுத்தாளர் விக்டர் ஹியூகோவை வைத்துப் பாருங்கள். நெற்றி, முடி, கழுத்துத்துணி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. எண்பதை நெருங்கிய, கண் மங்கிய ஒரு மனிதர் புது வித்தை பழகிப் பார்த்த தாளை, போட்டவர் கோயா என்பதற்காக மட்டும் கும்பிடுகிறோமா? அச்சுத்தொழிலில் கிடந்தவர் பிளேட்காரன் அண்ணாச்சி. அவரே வந்து சொல்லட்டும்.

பிளேட்காரன் | ஜூன் 3, இரவு

கீறல் என்று நீ குறை சொல்வதுதான் தம்பி, அந்தப் படத்தின் வேலைமுறையே. தெவேரியா வெள்ளைக் கல்லில் பென்சில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டைச் சேர்த்துக்கொண்டு போகிறார். கோயா முதலில் இருட்டைப் போட்டுவிட்டு, கத்தியை எடுத்து வெளிச்சத்தைத் தோண்டுகிறார். இரண்டு பேரும் எதிரெதிர் வாசலிலிருந்து உள்ளே வருகிறார்கள். ஒருவர் கணக்கை வைத்து இன்னொருவருக்கு மார்க் போட்டால் எப்படி?

மீதி நாளைக்கு.

பிளேட்காரன் | ஜூன் 4

கல்லச்சு என்றால் கல்லில் செதுக்குவது என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்து சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊர்ப் பக்கம் கிடைக்கும் சுண்ணாம்புக்கல். நுண்மையான, ஒரே சீரான கல். அதை மணல் போட்டுத் தேய்த்து மட்டமாக்கி, மெழுகும் சோப்பும் கொழுப்பும் புகைக்கரியும் கலந்த பென்சிலால் அதன் மேல் வரைவார்கள். அப்புறம் அரபிக் கோந்தில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். வரைந்த இடம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கல்லை நனைத்துவிட்டு மை உருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஏறும். தாளை வைத்து அழுத்த வேண்டியதுதான். மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது.

அலோய்ஸ் செனஃபெல்டர் 1790களின் கடைசியில் ம்யூனிக்கில் இதைக் கண்டுபிடித்தார். நாடகம் எழுதி, அதை மலிவாக அச்சிட வழி தேடிக்கொண்டிருந்த ஆள். தன் முறையை முழுப் புத்தகமாக 1818இல் வெளியிட்டார்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் பிளேட் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவன். அங்கேயும் இதே எண்ணெய், தண்ணீர்ச் சண்டைதான். கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு, தாளுக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் பிளாங்கெட். மிஷினை நிறுத்தினால் பிளேட்டில் கோந்து பூசிவிட்டுத்தான் சாப்பிடப் போவோம். பூசாமல் போனால் திரும்பி வரும்போது வெள்ளை இடமெல்லாம் அழுக்கு ஏறிக் கிடக்கும். செனஃபெல்டர் கடையில் இருந்த அதே கோந்து.

பிளேட்காரன் | ஜூன் 4, மதியம்

சோல்ன்ஹோஃபன் என்றதும் ஞாபகம் வந்தது. பாதி பறவை, பாதி ஊர்வன என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே ஆர்க்கியோப்டெரிக்ஸ், அதன் சிறகு 1861இல் கிடைத்தது அந்தப் பகுதிக் கல்லில்தான். அச்சுக்கல் வெட்டிய குழிகள். அதன் முழு அறிவியல் பெயர் ஆர்க்கியோப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா. சிறகின் நரம்பு வரைக்கும் பதிந்து நிற்கிற அளவு நுண்மையான கல் என்றால் பென்சில் பொடி நிற்காதா என்ன.

கோட்டோவியன் | ஜூன் 4

அண்ணாச்சி, பறவையை விடுங்கள். கோலோன் யார்? ஹியூகோ முகத்தை வாங்க ஆள் இருந்தது. இந்த மனிதர் முகத்தை யார் வாங்குவார்கள்?

பிளேட்காரன் | ஜூன் 5

கேட்டாய் பார், இதுதான் கேள்வி.

கோலோன் போர்தோ நகரத்தின் கல்லச்சுக்காரர். 1777இல் பிறந்தவர், படம் வரையும்போது ஐம்பதைத் தொடப்போகிறார். கோயா 1824இல் ஸ்பெயினை விட்டுப் பிரான்சுக்கு வந்து போர்தோவில் தங்கினார். மருத்துவ நீராட்டு என்று மன்னரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினார். உண்மையில் ஃபெர்னாண்டோ மன்னர் திரும்ப வந்தபின் மாட்ரிட்டில் தாராளவாதிகளுக்கு இருந்த நெருக்கடி எல்லாருக்கும் தெரிந்ததுதான். போர்தோவில் ஏற்கெனவே ஒரு ஸ்பானிய அகதிக் கூட்டம் இருந்தது. அதில் ஒருவர் கவிஞர் மொராத்தின். கோயா வந்திறங்கிய கோலத்தை அவர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: காது கேட்காது, வயசாளி, நடை தள்ளாட்டம், பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் உலகத்தைப் பார்க்கிற ஆசையும் சந்தோஷமும் மட்டும் குறையவில்லை. இந்த அர்த்தத்தில் எழுதுகிறார்.

1825இல் கோயா காளைச்சண்டைப் படங்கள் நான்கைக் கல்லில் வரைந்தார். போர்தோவின் காளைகள் என்று பின்னாளில் பெயர் வைத்த அதே நான்கு. அச்சிட்டவர் கோலோன். அந்த ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அரசுப் பதிவேட்டில் படத்துக்கு 100 பிரதி என்று பதிவும் செய்தார். அன்றைய பிரான்சில் கல்லச்சு நடத்த உரிமம் வேண்டும், அச்சிட்டதை அரசிடம் பதிய வேண்டும். 1817 அக்டோபரில் மன்னர் ஆணை போட்டு அச்சுக்கூடச் சட்டத்துக்குள் கல்லச்சையும் இழுத்துவிட்டார்கள்.

ஆக கோலோன் முகத்துக்கு யாரும் காசு கொடுக்கப் போவதில்லை. எஞ்சியிருக்கும் பிரதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்று அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. விற்பனைக்குப் போட்ட சரக்கு இவ்வளவு அரிதாக இருக்காது. கடைக்காரருக்குக் காட்ட வேண்டாம், வாங்குபவரிடம் கெஞ்ச வேண்டாம் என்றால் கை எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்.

பிளேட்காரன் | ஜூன் 5, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தன் முகத்தைத் தானே அச்சடிக்கிற வேலை கோலோனுக்கு. வரைந்த கல்லுக்கு அமிலம் போடுவது ஓவியர் இல்லை, அச்சுக்காரர். அமிலம் ஒரு சொட்டு கூடினால் மெல்லிய சாம்பல் நிறமெல்லாம் காணாமல் போகும். குறைந்தால் இருட்டுப் பகுதி ஒன்றோடொன்று ஒட்டி மையாக அடைத்துக்கொள்ளும். முகம் வழக்கமாக இருட்டுக்கும் சாம்பலுக்கும் நடுவில்தான் இருக்கும். மூக்கோரத்து நிழல் அடைத்துக்கொண்டதென்றால் மூக்கே வேறு மூக்கு. அப்படிப்பட்ட கல்லைக் கெடுக்காமல் அச்சில் ஏற்றிய ஆளின் முகம் இது. வரைந்தவர் பெயரைச் சொல்கிற நாம், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கைவேலையும் அதே தாளில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பிளேட்காரன் | ஜூன் 7

கோயா கல்லில் எப்படி வேலை செய்தார் என்று யாரோ தனியாகக் கேட்டிருந்தீர்கள். லோரான் மாத்தெரோன் 1858இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. கோயாவோடு பழகிய ஸ்பானிய ஓவியர் ப்ருகாதா சொல்லக் கேட்டு எழுதியவர்.

கல்லை மேசையில் படுக்கப்போட்டுக் குனிந்து வரைவதுதான் எல்லாருடைய வழக்கம். கோயா கல்லைக் கித்தான்போல ஓவியத் தாங்கியில் நிமிர்த்தி வைத்தார். நின்றுகொண்டே வரைந்தார். பென்சிலைச் சீவவே மாட்டார், தூரிகையைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார். நிமிஷத்துக்கு ஒரு தரம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கல் முழுக்க ஒரே சாம்பல் பூச்சைப் போட்டுவிட்டு, வெளிச்சம் வர வேண்டிய இடத்தைச் சுரண்டி எடுப்பார். இங்கே ஒரு தலை, அங்கே ஒரு குதிரை, ஒரு காளை. பிறகு மறுபடியும் பென்சில் எடுத்து நிழலை அழுத்துவார். ஒருமுறை சவரக்கத்தி முனையால் மட்டும், திரும்பத் தொடாமல், கருமையிலிருந்து ஒரு முகத்தையே வெளியே கொண்டுவந்தாராம். கோலோன் படத்தில் பென்சில் வேலையும் இருக்கிறது. அதனால் இந்தச் சவரக்கத்திக் கதையை அதன் தலையில் கட்ட வேண்டாம். ஏற்கெனவே சில இடங்களில் கட்டுகிறார்கள்.

இதையெல்லாம் பெரிய பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு செய்தார் என்பது மாத்தெரோன் தரும் இன்னொரு விவரம். நுணுக்கத்துக்காக இல்லை, கண் போய்க்கொண்டிருந்தது.

நின்று வரைந்தார் என்பது எனக்கு முக்கியம். அச்சுக்கல் எவ்வளவு கனம் தெரியுமா? காளைப் படங்கள் ஏறத்தாழ 30க்கு 40 செ.மீ. ஒரு படத்துக்கான கல்லைத் தாங்கியில் ஏற்றி இறக்கவே ஒரு ஆள் துணை வேண்டும். ஏற்றி இறக்கியவர் கோலோனாகவோ அவர் கடைப் பையனாகவோ இருக்கும் என்பது என் ஊகம்.

பிளேட்காரன் | ஜூன் 8

சுரண்டல் பற்றி என் சொந்தக் கதை.

டெஸ்க்டாப் வருவதற்கு முன் எங்களுக்குக் கேமரா, லித்தோ ஃபிலிம். நெகட்டிவில் தேவையில்லாத ஓட்டை இருந்தால் ஒப்பேக் என்ற ஒளி புகாத சிவப்பு மை தொட்டு அடைப்போம். பாசிட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் தேவைப்பட்டால் அரை பிளேடால் எமல்ஷனை, அதாவது ஃபிலிமின் மேல்பூச்சை, சுரண்டுவோம். எனக்கு வாய்த்த வேலை காலண்டர் முகங்கள். சாமி முகம், தலைவர் முகம், நகைக்கடை மாடல் முகம். ஒரு முறை ஒரு பெரிய மனிதர் படம் வந்தது. கழுத்துச் சுருக்கத்தை எடு, கண்ணுக்குக் கீழே தொங்குவதை எடு என்று ஆர்டர் கொடுத்தவர் பக்கத்தில் நின்றுகொண்டார். எடுத்துக்கொண்டே போனேன். கடைசியில் அந்த முகத்தில் இருந்தது நான்தான், அவர் இல்லை. அந்தக் காலண்டர் அமோகமாகப் போனது. போன வேலைக்குக் கூலி பாதிதான் வந்தது, அது வேறு கதை.

பிளேடால் சுரண்டியவனுக்குத் தெரியும்: எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. கல்லில் இன்னும் மோசம். பென்சில் பிடிப்பதற்காகத்தான் கல்லை மணல் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பு ஏற்றுகிறார்கள். கத்தி போன இடத்தில் அந்தச் சொரசொரப்பு செத்துவிடும். மறுபடி பென்சில் வைத்தால் வழுக்கும், திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஆழமாகப் போய்விட்டால் பள்ளத்தின் ஓரத்தில் மை சேரும். ஆகவே கோலோன் கழுத்துத்துணியில் நீ பார்க்கும் ஒவ்வொரு வெள்ளைக் கோடும் ஒரே தடவையில் எடுத்த முடிவு. கண் தெரியாத கிழவர் தடவித் தடவிப் பழகிய தாள் என்றாய். பழகுகிறவன் பென்சிலை எடுப்பான் தம்பி, கத்தியை எடுக்க மாட்டான்.

கோட்டோவியன் | ஜூன் 8

சரி, கத்தி விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்லச்சு அவருக்குப் புதுசு என்பது உண்மைதானே? எழுபத்தொன்பது வயதில் பிடித்தது.

பிளேட்காரன் | ஜூன் 9

இல்லை. 1819 பிப்ரவரியிலேயே மாட்ரிட்டில் முயன்றிருக்கிறார். ஸ்பெயினில் முதல் கல்லச்சகத்தை நடத்திய ஹோசே மரியா கர்தானோவிடம். நூல் நூற்கும் கிழவி என்று ஒரு படம். அந்தக் காலத்து முயற்சிகள் சிலவற்றில் தாளில் வரைந்து கல்லுக்கு மாற்றினார்கள், மாற்றும்போது பாதி சத்து போய்விட்டது. எனக்கு அவை பிடிக்காது. அவர் நேராகக் கல்லுக்கே போனபின்தான் இந்த வெடிப்பெல்லாம்.

அதற்கு முன் செப்புத்தகட்டில் என்ன செய்தார் என்பது உனக்கே தெரியும். 1799இல் 80 படங்கள் கொண்ட காப்ரிச்சோஸ். அதில் அக்வாடின்ட் முறையில் தகடு முழுக்கச் சாம்பல் நிறம் ஏற்றி, வெளிச்சத்தைத் தேய்த்து எடுக்கிற வித்தை ஏற்கெனவே கைவந்தது. கல் புதுசு. கை பழசு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்தோ நாட்களின் கோட்டோவிய ஆல்பங்கள் இரண்டிலும் தாளின் மேலேயே கல்லச்சுப் பென்சிலைப் பயன்படுத்தினார். அச்சுக்கடைச் சாமான் அவருடைய தினசரிச் சாமானாகிவிட்டது. அந்த ஆல்பங்களில் ஒன்றில்தான் இரண்டு கைத்தடி ஊன்றிய தாடிக்கிழவர் நிற்கிறார், மேலே இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கும். ப்ராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் போஸ்டராகப் போட்டு ஆளாளுக்கு உபதேசம் செய்வதுதான் எனக்குத் தாங்காது.

பிளேட்காரன் | ஜூன் 11

தெவேரியா பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும். நேற்று அந்த ஹியூகோ படத்தின் பெரிய ஸ்கேனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1829 என்பதை மறக்கக் கூடாது. ஹியூகோவின் எர்னானி நாடகம் அரங்கேறி, கொட்டகையில் கைகலப்பு நடந்தது 1830 பிப்ரவரியில். அதற்கு முந்தைய வருஷம். ஹியூகோவுக்கு 27 வயது. க்ரோம்வெல் நாடகத்துக்கு எழுதிய முன்னுரையால் இளைஞர் கூட்டத்துக்குத் தலைவராகிவிட்டார், ஆனால் நாம் பிற்காலத்தில் பார்க்கிற தாடித் தாத்தா இல்லை. வழித்த முகம், அகலமான நெற்றி. அந்த நெற்றியைத் தெவேரியா என்ன செய்கிறார் பார். முடி, கோட்டு, கழுத்துத்துணி எல்லாவற்றிலும் வேலை இருக்கிறது. நெற்றியில் வேலையே இல்லை, வெறும் தாள். கண் தானாக அங்கே போய் நிற்கிறது. அது சாமர்த்தியம்.

அவருடைய அச்சுக்காரர் ஷார்ல் மோத். சாதாரண ஆள் இல்லை. ஓவியர் தெலக்ருவா ஃபாவுஸ்ட் நாடகத்துக்கு வரைந்த படங்கள் பதினேழை 1828இல் அச்சிட்டவர். அந்த மோத்தின் மகளைத்தான் தெவேரியா 1829இல் கல்யாணம் செய்தார். அச்சகத்தில் பெண் எடுத்தவன் நெகட்டிவுக்கு அலைய வேண்டாம் என்று எங்கள் ஊரில் கிண்டல் உண்டு.

ஆனால் தெவேரியா படம் செய்த வேலை வேறு. ரொமாண்டிக் கலை இயக்கக் கூட்டத்தில் யார் யார் என்று ஊருக்குச் சொன்னது. 1829இல் எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா, 1832இல் பியானோக் கலைஞர் லிஸ்ட், நடிகைகள், பாடகிகள். பாரிஸ் கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய முகங்கள். முகம் புகழை வாங்கித் தர வேண்டும், அல்லது இருக்கிற புகழுக்குப் பழுது வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலண்டர்க்காரன் நான், எனக்குப் புரியாதா? கழுத்துச் சுருக்கத்தை எடு என்று தெவேரியா பக்கத்திலும் யாராவது நின்றிருப்பார்கள்.

பிளேட்காரன் | ஜூன் 11, இரவு

மேலே உள்ளதைத் திரும்பப் படித்தால் தெவேரியாவைக் கூலிக்கு வரைந்தவர் என்பதுபோல ஒலிக்கிறது. அது அநியாயம். ஆயிரக்கணக்கில் வரைந்தும் கை சோர்ந்து தெரியாத ஆள் அவர். பிற்காலத்தில் பாரிஸ் தேசிய நூலகத்தின் அச்சுப்படப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து அதற்குத் தலைவராகவும் ஆனார். படம் போட்டவரே படக் காவலரும் ஆனார்.

என் வாதம் இவ்வளவுதான்: கோலோன் முகத்தில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் அது இப்படி இருக்க முடிந்தது.

கோட்டோவியன் | ஜூன் 12

அப்படியானால் கருமையிலிருந்து சுரண்டுவது கோயாவின் தனிச்சொத்தா? அன்றைக்கு வேறு யாருமே செய்யவில்லையா?

பிளேட்காரன் | ஜூன் 12

செய்தார்கள். தெலக்ருவா அதே 1825இல் மக்பெத்தும் சூனியக்காரிகளும் என்று ஒரு கல்லச்சு போட்டார். அதுவும் இருட்டிலிருந்து சுரண்டி எடுத்ததுதான். ஒருவர் பாரிசில், வயது 27. இன்னொருவர் போர்தோவில், வயது 79. இருவரும் அதே ஆண்டில் கருத்த கல்லின் மேல் கத்தி வைத்திருக்கிறார்கள். சுரண்டுவது செனஃபெல்டர் காலத்திலிருந்தே தெரிந்த உத்திதான், ரகசியம் ஒன்றுமில்லை. தெலக்ருவா கோயாவின் காப்ரிச்சோஸைப் பார்த்துப் பார்த்து நகல் வரைந்தவர், அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தெலக்ருவாவின் உருவப்படக் கல்லச்சு வேண்டுமென்றால் 1826இல் வரைந்த பாரன் ஷ்விட்டர் இருக்கிறது. நண்பர், பணக்கார இளைஞர். அதே ஆளை எண்ணெய் வண்ணத்தில் முழு உயரத்துக்கும் வரைந்து சலோன் என்ற பாரிஸ் ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பினார், 1827இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணெய்ப் படம் பின்னால் ஓவியர் டெகா கைக்குப் போய், இன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் தொங்குகிறது. கல்லச்சு ஷ்விட்டர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதில் நண்பனை அழகாகக் காட்டுகிற ஆசை தெரிகிறது. கோலோனில் அந்த ஆசை இல்லை, எதிர்ப்பும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் வேலைக்காரரை இன்னொரு வேலைக்காரர் பார்க்கிற பார்வை.

பிளேட்காரன் | ஜூன் 14

ஒரு சின்ன விஷயம், இதை யாரும் பேசிப் பார்த்ததில்லை. கல்லில் வரைந்தது தாளில் இடவலமாக விழும். எழுத்தை மாற்றி எழுதப் பழகியவர்கள்தான் கல்லச்சில் எழுத்து வேலை பார்த்தார்கள். முகத்துக்கு யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் எதிரே ஆளை உட்காரவைத்து நேரே கல்லில் வரைந்தால், தாளில் விழுவது அவர் தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எங்கேயோ இடிக்கும். அவருக்கு மட்டும் அச்சு அசலாக இருக்கும்.

கோலோன் அப்படித் தன்னைப் பார்த்தாரா என்று கேட்காதே. எனக்கு இது நினைக்கப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிளேட்காரன் | ஜூன் 15

ஒரு ஓவியக் கல்லூரிப் பட்டறையில் கல்லச்சு பழகிப் பார்த்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற பிறகு நடந்தது. பொடிசுகள் நடுவில் நான் ஒருவன்தான் நரைத்த தலை.

கல்லின் மேல் கல்லை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு எட்டு எழுதுகிற மாதிரி சுற்ற வேண்டும். அரை மணியில் தோள்பட்டை கழன்றுவிடும். தேய்த்துக் கழுவிக் காய்ந்த கல் பழைய தந்தம்போல மஞ்சளும் சாம்பலுமாக இருக்கும், தடவத் தோன்றும். தடவக் கூடாது. நான் ஒரு முகம் வரைந்தேன், பக்கத்து வீட்டுப் பெரியவர். கன்னத்தோரம் வெறுமையாக விட்டிருந்தேன். மை உருட்டியதும் அந்த வெறுமையில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஒவ்வொரு கோடும் தெளிவாக, எழும்பி வந்தது. கை எண்ணெய் கல்லுக்குப் போய்விட்டது. வரைந்ததில் எதுவும் அவ்வளவு சுத்தமாக விழவில்லை, ரேகை மட்டும் முதல் தரம்.

அமிலக் கோந்து போட்டபின் டர்பன்டைன் ஊற்றி வரைந்ததைத் துடைப்பார்கள். படம் கண்ணெதிரே காணாமல் போகும். வெறும் கல். வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் தண்ணீர்த் துணி, உருளை, நாலைந்து ஓட்டத்தில் முகம் மெல்ல மேலே வருகிறது. தொழில் தெரிந்த எனக்கே அப்படி இருந்தது.

பிளேட்காரன் | ஜூன் 16

சிலர் ரவி வர்மா படங்களும் இதே வகையா என்கிறார்கள். அவை நிறத்துக்கு ஒரு கல் வைத்து அச்சிட்ட வண்ணக் கல்லச்சு. கோதெஃப்ருவா எங்கல்மான் 1837இல் பிரான்சில் காப்புரிமை வாங்கிய முறையின் வழிவந்தது. ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியது 1894. கோலோன் படம் ஒரே கல், ஒரே கறுப்பு. இதற்கு மேல் அந்தப் பக்கம் போனால் திரும்பி வர மாட்டோம்.

அசலா ஆஃப்செட் நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்கு: லூப் (சின்ன உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் எங்கள் ஆட்கள் வேலை. ஒழுங்கில்லாமல் சிதறிய பொடிபோலத் தெரிந்தால் கல்லின் சொரசொரப்பு. புள்ளியே இல்லாத போட்டோ நகல் முறைகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, அதனால் லூப் ஒன்றை மட்டும் நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

கோட்டோவியன் | ஜூன் 17

கடைசியாக ஒன்று அண்ணாச்சி. காளைப் படம் நூறு நூறாகப் போட்டார்களே, விற்றதா?

பிளேட்காரன் | ஜூன் 17, இரவு

கோயா பாரிசில் இருந்த ஸ்பானிய நண்பர் ஹோவாக்கீன் ஃபெர்ரெருக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி, அங்கே விற்க முடியுமா என்று விசாரித்தார். அந்த ஃபெர்ரெர், காப்ரிச்சோஸைத் திரும்பப் போடலாமே என்றார். அவர் மேல் தப்பில்லை. பாரிசில் அதே 1825இல் அந்தப் படங்கள் சிலவற்றைக் கல்லச்சில் நகலெடுத்து ஸ்பானியக் கேலிப்படங்கள் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். வெளியிட்டவர் யார் தெரியுமா? நம் மோத். தெவேரியாவின் மாமனாராகப் போகிறவர். கோயாவின் பழைய சரக்கின் நகல் பாரிசில் ஓடுகிறது, கோயாவே கல்லில் போட்ட புதுச் சரக்குக்கு வழியைக் காணோம்.

கோயா டிசம்பர் 20ஆம் தேதி பதில் எழுதினார். காப்ரிச்சோஸ் தகடுகளை எப்போதோ மன்னருக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறார். 1799இல் விற்றது வெறும் 27 தொகுப்பு. மீதி 240 தொகுப்பையும் தகடுகளையும் 1803இல் அரண்மனையிடம் ஒப்படைத்தார். கண் இல்லை, கையில் தெம்பு இல்லை, பேனா இல்லை, மைக்கூடு இல்லை, மிச்சமாக இருப்பது மனசு மட்டும்தான் என்ற பொருளில் எழுதியதும் இதே கடிதத்தில்தான். எல்லாரும் அந்த வரியை மட்டும் எடுத்துப் போட்டுக் கண் கலங்குவார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று. தகடு கையில் இருந்தாலும் திரும்பப் போட மாட்டேன், இன்றைக்கு என்னிடம் அதைவிட நல்ல யோசனைகள் இருக்கின்றன, அவை இன்னும் லாபமாக விற்கும் என்கிறார்.

காளை பாரிசில் போகவில்லை. வியாபாரக் கணக்கு முழுத் தப்பு. யோசனை நல்ல யோசனை என்பதில் உனக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் ஹியூகோவை எடுத்து ஓரம் வைத்துவிட்டு, ஷ்விட்டரைக் கோலோன் பக்கத்தில் வைத்துப் பார். அந்தச் சண்டைக்கு வருகிறேன், இது போதும்.